கேமரா அனுப்பும் படம் யாருக்கு? இ-சலான் சேவை பற்றி ஒரு வாடகை வண்டி உரிமையாளரின் மதிப்பீடு

சாலையோரக் கம்பத்தில் இருக்கும் கேமரா ஒரு விதிமீறலைப் படம் பிடிப்பதில் தொடங்கி, அபராதத்தைக் கட்டி ரசீது பெறுவதில் முடியும் முழு ஏற்பாட்டையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, மத்திய அரசின் இ-சலான் இணையதளமும் எம்பரிவாகன் செயலியும். மற்றொன்று, அந்தந்த மாநிலம் நிறுவியிருக்கும் கேமராக்கள். கோயம்புத்தூரில் சிறிய அளவில் டிராவல்ஸ் நடத்துகிறேன். என் வண்டிகள் வாளையாறு தாண்டிப் பாலக்காடு, திருச்சூர், குருவாயூர், கொச்சி விமான நிலையம் என்று அடிக்கடி ஓடுவதால், கேரளத்தின் ஏ.ஐ. கேமராத் திட்டத்தைச் சற்று விரிவாகப் பார்க்கிறேன். வண்டிகளின் ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. எந்த ஊரில் எந்த ஓட்டுநர் விதியை மீறினாலும் சலானும் அதனுடன் வரும் படமும் என்னிடம்தான் வந்து சேரும். படம் பிடிக்கப்பட்ட நேரத்தில் நான் அந்த வண்டியில் இருந்திருக்க மாட்டேன். தன் வண்டியைத் தானே ஓட்டுபவர் கவனிக்க வாய்ப்பில்லாத ஒரு குறை இதனாலேயே எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதலில் கேமராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேரள மோட்டார் வாகனத் துறையின் ‘சேஃப் கேரளா’ திட்டத்துக்காக அம்மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் 726 கேமராக்களை நிறுவியது. அவற்றில் 675 கேமராக்கள் தலைக்கவசம், சீட் பெல்ட், வண்டி ஓட்டும்போது கைபேசி ஆகியவற்றைப் பார்ப்பவை. 25 கேமராக்கள் தடைசெய்யப்பட்ட இடத்தில் வண்டி நிறுத்துவதையும், 18 கேமராக்கள் சிவப்பு விளக்கைத் தாண்டுவதையும் கவனிப்பவை. எஞ்சிய எட்டும் வேகத்தை அளப்பவை, அவற்றில் நான்கு துறையின் வாகனங்களில் பொருத்தப்பட்டவை. திட்டத்தை 2023 ஏப்ரல் 20 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். சில வாரங்கள் எச்சரிக்கைக்கு விட்டுவிட்டு, ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். திட்டத்தின் மதிப்பு சுமார் 232 கோடி ரூபாய். அதை ஐந்து ஆண்டுகளில் காலாண்டுத் தவணைகளாகக் கெல்ட்ரானுக்குத் தருவதாக ஏற்பாடு. இந்த ஒப்பந்தத்தில் முறைகேடு என்று எதிர்க்கட்சியினர் உயர் நீதிமன்றம் வரை சென்றனர். அந்தப் பணத் தகராறு இந்த மதிப்பீட்டுக்கு வெளியே நிற்பது. ஆனால் பொதுவெளியில் அதுவே பெரிதாகப் பேசப்பட்டதால், படத்தில் விழும் மனிதர்களைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போய்விட்டது என்பது என் வருத்தம்.

கருவி என்ற அளவில் இவை தரமானவை. சூரிய ஒளியில் இயங்குகின்றன, இரவிலும் படம் எடுக்கின்றன, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முன்னிருக்கை இரண்டையும் தெளிவாகக் காட்டுகின்றன. எதிரே வரும் வண்டியை முகப்பில் எடுப்பதால் பதிவெண்ணும் ஆட்களும் ஒரே படத்தில் விழுகின்றன. கருவி சந்தேகப்பட்ட படங்களைக் கட்டுப்பாட்டு அறையில் பணியாளர்கள் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். அதன்பின் மோட்டார் வாகனத் துறை அதிகாரியின் ஒப்புதலோடு தேசிய இ-சலான் அமைப்புக்குள் விவரம் செல்கிறது. சாலையில் கைகாட்டி நிறுத்துவது, பேரம், வாக்குவாதம், நூறு ரூபாயை மடித்துக் கொடுப்பது ஆகிய எதுவும் இதில் இல்லை. இந்தத் தொழிலில் பல காலம் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். எந்த மாநிலத்துப் பதிவெண் என்று பார்த்துக் கை காட்டும் பழக்கத்துக்கும் இங்கே இடமில்லை.

இவை வேண்டாம் என்று சொல்பவன் அல்லேன். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத நிலையிலும் 16,715 பேர் சீட் பெல்ட் போடாத நிலையிலும் இறந்தவர்கள். கேரளத்தில் சாலை விபத்து மரணங்கள் 2022இல் 4,317 ஆக இருந்தன. கேமரா வந்த 2023இல் 4,080 ஆகக் குறைந்தன. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதால் முழுப் பெருமையையும் கேமராவுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் விபத்து நடந்தாலும் உயிர் பிழைக்க உதவுபவை தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் என்பதை நினைத்தால் இந்தப் போக்கு புரியாத ஒன்றன்று. என் ஓட்டுநர்கள் பாலக்காட்டுச் சாலையில் ஏறும் முன்பே பெல்ட்டை மாட்டிக்கொள்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரையும் மாட்டச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் நான் வாயால் சொல்லி நடக்காததைக் கேமரா நடத்திக் காட்டியிருக்கிறது.

சலான் வந்தபின் அதைக் கையாளும் பகுதியும் பயன்படுத்த எளிதாகவே இருக்கிறது. சலான் எண், ஓட்டுநர் உரிம எண், வாகனப் பதிவெண் ஆகிய மூன்றில் எதைக் கொண்டும் தேடலாம். பதிவெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவர் வண்டியின் சலானை யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, சேசிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு. எம்பரிவாகன் செயலியில் முன்பெல்லாம் எந்தப் பதிவெண்ணைத் தட்டினாலும் உரிமையாளரின் முழுப் பெயர் வந்து நிற்கும். இப்போது சில எழுத்துகளை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடுகிறார்கள். சாலையில் ஒரு பெண் ஓட்டிச்செல்லும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு அவர் பெயரைத் தெரிந்துகொள்ளும் வழி இதனால் அடைபட்டது. இப்படியொரு திருத்தத்தைச் செய்யத் தெரிந்தவர்களால் படத்திலும் அதைச் செய்ய முடியும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இனிப் படத்துக்கு வருகிறேன். சலானுடன் வரும் படத்தில் பதிவெண் இருக்கிறது, இடமும் தேதியும் நேரமும் இருக்கின்றன, விதிமீறல் தெரிகிறது. இவை தேவை. இவற்றோடு ஓட்டுநரின் முகமும், அவர் பக்கத்தில் இருப்பவரின் முகமும், இரு சக்கர வண்டி என்றால் பின்னால் அமர்ந்திருப்பவரின் முகமும் பல நேரங்களில் எந்த மறைப்பும் இல்லாமல் வருகின்றன. படம் போய்ச் சேருவது விதியை மீறியவருக்கன்று, ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு. நம் நாட்டில் அந்த இருவரும் ஒருவராகவே இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ள முடியாது. அப்பா பெயரில் இருக்கும் வண்டியை மகள் கல்லூரிக்கு எடுத்துச் செல்வாள். மனைவி பெயரில் கடன் போட்டு வாங்கிய ஸ்கூட்டரைக் கணவர் ஓட்டுவார். முதலாளி வண்டியில் மேலாளர் போவார். விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், முன்பின் தெரியாத பழைய உரிமையாளர் ஒருவருக்கு இன்றைய பயணிகளின் படம் போகும்.

இது கற்பனையான பயம் இல்லை என்பது திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே திருவனந்தபுரத்தில் தெரிந்தது. தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டரில் சென்ற ஒருவரின் படம், வண்டியின் உரிமையாளரான அவருடைய மனைவியின் கைபேசிக்குச் சென்றது. பின்னால் ஒரு பெண் அமர்ந்திருந்தார். அவர் யார் என்று கேட்டதில் வீட்டில் சண்டை மூண்டு, மனைவியையும் குழந்தையையும் தாக்கியதாக அந்தக் கணவர் கைது செய்யப்பட்டார். செய்தி நாடு முழுவதும் பரவியது, பலர் அதைச் சிரிப்புக்குரிய செய்தியாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. அடித்த குற்றம் அடித்தவருடையது. அதில் கேமராவுக்குப் பங்கு கிடையாது. ஆனால் தலைக்கவசம் அணியாததற்கு 500 ரூபாய் அபராதம் வசூலிக்க, பின்னால் இருந்த பெண்ணின் முகம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய தேவை என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் படம் எங்கே போயிற்று என்றுகூட அவருக்கு முறைப்படி யாரும் தெரிவித்திருக்க வாய்ப்பில்லை; ஏனென்றால் இந்த அமைப்பின் கண்ணில் அவர் ஒரு தரப்பே அல்லர்.

வாடகை வண்டித் தொழிலில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. எங்கள் வண்டியில் ஏறுபவர்கள் பலவிதமான காரியங்களுக்குப் போகிறார்கள். புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்கப் போகிறவர், அதை உறவினர்களிடம் இன்னும் சொல்லாதவராக இருப்பார். குழந்தைப்பேறு மருத்துவத்துக்குப் போகும் தம்பதி இருப்பார்கள். பேச்சு முடிவாகும்வரை வெளியே தெரியக் கூடாது என்று அடுத்த ஊருக்குப் பெண் பார்க்கப் போகும் குடும்பம் இருக்கும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறவர், வேலை மாறுவதற்காக நேர்முகத்துக்குப் போகிறவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஓட்டுநர் வேகமாகப் போனதற்காகவோ கைபேசியைத் தொட்டதற்காகவோ வரும் சலானில், முன்னிருக்கையில் இருந்த அந்தப் பயணியின் முகமும், அவர் எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த ஊரில் இருந்தார் என்பதும் சேர்ந்தே வருகின்றன. அதுவும் என்னோடு நிற்பதில்லை. மாத ஒப்பந்தத்தில் வண்டி எடுக்கும் நிறுவனங்கள் சில, கணக்கை முடிக்கும்போது சலான் நகலைக் கேட்கும். கணக்கர் அதை அச்செடுப்பார், வாட்ஸ்அப்பில் அனுப்புவார், கோப்பில் போடுவார். இப்படி ஐந்தாறு பேர் கைக்குப் போன படத்தை யார் திரும்பப் பெற முடியும்? எந்த மாநிலத்திலிருந்து வரும் சலானானாலும், அதை வெளியே கொடுக்கும் முன் பயணியின் முகத்தை மறைத்துவிடும்படி என் அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அதை நான் செய்ய வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. படத்தை அனுப்புபவர்களின் கடமை அது.

ஓட்டுநர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தவறு செய்ததற்காக அபராதத்தை அவர்கள் ஏற்கிறார்கள், அதில் முறையிடல் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, யாருடன் பேசிக்கொண்டிருந்தாய், சட்டைப் பொத்தான் ஏன் போடவில்லை, பக்கத்தில் யாரை ஏற்றினாய் என்றெல்லாம் விசாரிக்கும் முதலாளிகள் எங்கள் தொழிலில் உண்டு. அரசு விதித்த அபராதத்துக்கான சான்று, முதலாளியின் கண்காணிப்புக் கருவியாக மாறிவிடுகிறது. வாடகை வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்துவது ஏற்கெனவே கட்டாயமாகிவிட்ட காலம் இது. அதற்கு மேல் முகமும் சேர்ந்தால் ஓட்டுநருக்கென்று வண்டிக்குள் எதுவும் மிஞ்சாது.

முகத்தை மறைத்தால் சான்று போய்விடும் என்று சிலர் சொல்லக்கூடும். சீட் பெல்ட் குற்றத்துக்குத் தேவைப்படும் சான்று, மார்பின் குறுக்கே பட்டை இருக்கிறதா இல்லையா என்பது. தலைக்கவசக் குற்றத்துக்குத் தேவை, தலையில் கவசம் உண்டா என்பது. கண்ணையும் மூக்கையும் மறைத்தாலும் தலை தெரியும். சிவப்பு விளக்குக்கும் வேகத்துக்கும் வண்டியும் பதிவெண்ணுமே போதும். கைபேசி ஒன்றில்தான் கையும் காதும் தெரிய வேண்டும், அப்போதுகூடப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் முகம் வேண்டியதில்லை. மறைக்காத மூலப்படத்தைத் துறை தன்னிடம் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே காட்டட்டும். உரிமையாளருக்கு அனுப்பும் நகலில் மறைத்தால் போதும். படத்தில் ஆட்களைக் கண்டுபிடித்து, அவர்கள் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பிரித்தறியத் தெரிந்த மென்பொருளுக்கு, அதே ஆட்களின் முகத்தில் ஒரு கறுப்புக் கட்டத்தை வரைவது கடினமான வேலையாக இருக்காது.

பிற நாடுகளில் இது நடைமுறையிலேயே இருக்கிறது. பிரான்சில் வேகக் கேமராவின் படம் அபராத அறிவிப்புடன் தானாக வருவதில்லை. வண்டியின் உரிமையாளர் கேட்டால்தான் கிடைக்கும். அப்போதும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தை மறைத்தே தருகிறார்கள். ஜெர்மனியில் உரிமையாளருக்குப் பதில் வண்டியை ஓட்டியவரே பொறுப்பாளி என்பதால் ஓட்டுநரின் முகம் அங்கே உண்மையிலேயே தேவைப்படுகிறது. அப்படியிருந்தும் உடன் இருப்பவரை மறைத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம்மிடம் உரிமையாளரைப் பிடித்து, ஓட்டியவர் யார் என்று அவரிடம் கேட்கும் முறை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. என்னிடம் ட்ரிப் ஷீட் இருக்கிறது, எந்த நேரத்தில் யார் ஓட்டினார்கள் என்று அதைப் பார்த்து எழுதித் தர முடியும். முகத்துக்கான தேவை ஜெர்மனியைவிட நம்மிடம் குறைவு. நாம் அனுப்புவதோ கூடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மின்னணுக் கண்காணிப்புக்கென 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான 167ஏ விதி 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கருவிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், படத்தில் விதிமீறலும் பதிவெண்ணும் தெளிவாக இருக்க வேண்டும், எந்தப் பிரிவில் குற்றம் என்று எழுத வேண்டும் என்றெல்லாம் அந்த விதி கவனமாக வரையறுத்தது. வாகன ஓட்டியின் பக்கம் நின்று எழுதிய விதி என்றே அதைப் படித்தபோது தோன்றியது. சான்றாகும் மின்னணுப் பதிவைச் சலான் முடிவுக்கு வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஆனால் எந்தக் குற்றமும் செய்யாமல் கேமராவின் கீழ் கடந்து போனவர்களின் பதிவை எப்போது அழிப்பது என்பதற்கு அதில் காலக்கெடு இல்லை. உரிமையாளருக்கு அனுப்பும் படத்தில் மற்றவர் முகத்தை என்ன செய்வது என்பதைப் பற்றியும் எதுவும் இல்லை.

குற்றம் செய்யாதவர்களின் பதிவு என்பது சிறிய விஷயமன்று. பாலக்காட்டிலிருந்து கொச்சி வரை ஒரே நாளில் பல கேமராக்களைக் கடந்து போகும் ஒரு வண்டியின் பதிவெண், நேரம், இடம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால், அந்த வண்டியில் இருப்பவரின் அன்றாடமே எழுதப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை எங்கே தொழப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயம், மாதத்தில் எத்தனை முறை மருத்துவமனை, எந்தக் கட்சிக் கூட்டம் நடந்த நாளில் எந்த ஊர் என்பது வரை அதில் தெரிந்துவிடும். இதை ஆழமாக எண்ணிப் பார்த்தது ஜெர்மனியின் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம். பதிவெண்ணைத் தானாகப் படிக்கும் முறை குறித்து 2008 மார்ச்சில் தந்த தீர்ப்பில், தேடப்படும் பட்டியலில் இல்லாத எண்களை உடனடியாக, தடயமே இல்லாமல் அழித்துவிட வேண்டும் என்று அது சொன்னது. 2018 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், உடனே அழித்துவிட்டாலும் அப்படிப் படித்துப் பார்ப்பதே ஒருவரது உரிமையில் தலையிடுவதுதான், அதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும் என்று கூறியது. பிரிட்டனில் இதற்கு நேர்மாறாக, காவல்துறையின் பதிவெண் தரவு பொதுவாக 12 மாதங்கள் வரை வைக்கப்படுகிறது. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனாலும் அங்கே 12 மாதம் என்று எழுதியாவது வைத்திருக்கிறார்கள், குடிமகன் அதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க முடியும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில் கைபேசிக் கேமராக்களைக் கொண்டுவந்தபோது, குற்றம் இல்லை என்று மென்பொருள் ஒதுக்கும் படங்களை மனிதர் எவரும் பார்க்காமலே அழித்துவிடும் ஏற்பாட்டையும் சேர்த்தே அறிவித்தது. கேரளத்தின் கேமராக்கள் பார்ப்பதும் அதே வகைக் குற்றங்களைத்தான். அந்த நடைமுறையை இங்கே கொண்டுவரத் தடை எதுவும் தெரியவில்லை.

அரசின் கையில் இருக்கும் வாகனத் தரவு அரசிடமே தங்கிவிடும் என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. 2019 மார்ச்சில் மத்திய அமைச்சகம் வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக விற்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் என்று விலையும் குறித்தது. இப்படித் தரவைப் பகிர்ந்ததில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் வந்தது என்று பின்னர் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. தனியுரிமை பற்றிய கவலை எழுந்ததால் 2020 ஜூனில் அந்தக் கொள்கையைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறேன். எனினும், வண்டியைப் பதிவு செய்ய நாம் கட்டாயத்தின்பேரில் கொடுத்த விவரம் ஒரு காலத்தில் விலைப்பொருளாக இருந்தது என்பதை மறந்துவிட்டுக் கேமராத் தரவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. கேமரா அபராதத்துக்குச் சட்டம் இருக்கிறது, உயிரைக் காக்கும் நோக்கமும் இருக்கிறது. மூன்றாவதில்தான் இந்தச் சேவை தவறுகிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். குற்றத்தைக் கண்டறியவும் வழக்குத் தொடரவும் தரவைக் கையாளுபவர்களுக்கு அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. தரவைக் கசியாமல் பாதுகாக்க வேண்டும் என்ற கடமை மட்டும் நிற்கிறது; என் படத்தை அழித்துவிடு என்று கேட்கும் உரிமை அங்கே செல்லாது. ஆகவே தீர்வு போக்குவரத்து விதிகளுக்குள்ளேயே வந்தாக வேண்டும்.

தவறான சலானை மறுப்பதிலும் தனியுரிமைக்கு ஒரு விலை இருக்கிறது, இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. இயந்திரம் தவறாகப் படிப்பது எங்கும் நடப்பதுதான். இங்கிலாந்தின் பாத் நகரில் 2021இல், நடந்துபோன ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த ‘நிட்டர்’ என்ற சொல்லைக் கேமரா ஒரு பதிவெண்ணாகப் படித்து, வேறோர் ஊரில் இருந்த கார் உரிமையாளருக்கு அபராதம் அனுப்பியது. நெதர்லாந்தில் தலையைச் சொறிந்த ஒருவருக்குக் கைபேசி பேசியதாக 380 யூரோ அபராதம் வந்தது. நம் ஊரிலோ தவறாகப் படிப்பதைவிடப் பெரிய தொல்லை போலிப் பதிவெண். இன்னொரு வண்டியின் எண்ணை யாரோ மாட்டிக்கொண்டு ஓடுவார், சலான் உண்மையான உரிமையாளருக்கு வரும். அப்போது, அந்த நேரத்தில் என் வண்டி அங்கே இல்லை என்று நான் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு ட்ரிப் ஷீட், சுங்கச்சாவடிக் கட்டண விவரம், இருப்பிடக் கருவியின் பதிவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியிருக்கும். ட்ரிப் ஷீட்டில் பயணியின் பெயரும் கைபேசி எண்ணும் ஏறிய இடமும் இறங்கிய இடமும் இருக்கும். செய்யாத குற்றத்திலிருந்து விடுபட, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பயணியின் விவரத்தை அரசு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியதாகிறது. பல நேரங்களில் அதற்குப் பேசாமல் அபராதத்தைக் கட்டிவிடலாம் என்றே உரிமையாளர்கள் முடிவு செய்கிறார்கள். மறுப்பு மனுவில் எந்த ஆவணம் போதும், அதில் எதை மறைத்துத் தரலாம் என்று ஒரு பக்கத்துக்குத் தெளிவாக எழுதிப் போட்டிருந்தால் இந்த நிலை மாறும்.

புதிதாகப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ஆர்.சி.யுடன் இணைந்த கைபேசி எண் உங்களுடைய இன்றைய எண்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முகவர் எண்ணோ, வண்டியை முன்பு வைத்திருந்தவரின் எண்ணோ அங்கே இருந்தால், உங்களுக்கான குறுஞ்செய்தி அவருக்குப் போகும். அடுத்தது, சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். எம்பரிவாகன் பெயரிலேயே வரும் அத்தகைய கோப்புகளை நிறுவியவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. உண்மையான இணையதளத்தின் முகவரி அரசுக்குரிய ‘கவ் டாட் இன்’ என்ற முடிவோடுதான் இருக்கும். செயலியை அலைபேசியின் முறையான செயலிக் கடையிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

விதியை மீறாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்த பயணி எந்த விதியையும் மீறவில்லை. முகம் போவது அவருடையது. வீட்டுச் சுவருக்குள் நடப்பது மட்டுமே அந்தரங்கம் என்று எண்ணிக்கொண்டால்தான் அந்தக் கேள்வி நியாயமாகத் தெரியும். பொதுச் சாலையில் போகிறவரை வழிப்போக்கர் பார்ப்பார், மறந்துவிடுவார். தேதியும் நேரமும் குத்திய படம் மறப்பதில்லை, அது ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், விதிமீறலைக் கண்டுபிடிப்பதற்கு நான்கரை தருவேன், இணையதளத்துக்கும் பணம் கட்டும் வசதிக்கும் நான்கு. படத்தில் இருப்பவர்களை நடத்தும் விதத்துக்கு ஒன்றுக்கு மேல் தர என்னால் முடியவில்லை. கேரளத்தின் ஐந்தாண்டுத் தவணை ஏற்பாட்டுக்குப் பிறகு அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும், தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் புதிய கேமராக்களுக்கான ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்படும். உரிமையாளருக்குப் போகும் நகலில் ஓட்டுநரைத் தவிர எவர் முகமும் தெரியக் கூடாது, குற்றம் பதிவாகாத வண்டியின் படமும் எண்ணும் அன்றே அழிய வேண்டும், அழித்ததை வெளியார் ஒருவர் ஆண்டுதோறும் தணிக்கை செய்து அறிக்கையை வெளியிட வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை அந்தப் புள்ளிகளிலேயே சேர்த்துவிட்டால், கருவியை விற்பவர் அதற்கேற்பச் செய்து தருவார். எங்கள் சங்கத்தின் சார்பில் போக்குவரத்து ஆணையருக்கு இதையே மனுவாக எழுத உறுப்பினர்களிடம் கையொப்பம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.